தாத்தாவின் இரும்புப் பெட்டியில் ஒரு ரிவால்வர்

சென்ற இதழில், மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சி நடந்த அவசரகாலத்தில் (1948–1960) நம் தோட்டங்களைக் காத்த சிறப்புக் காவலர்களைப் பற்றிய கட்டுரையுடன் ஒரு பழைய வெப்ளி ரிவால்வரின் படத்தையும் வெளியிட்டிருந்தோம். கட்டுரையைக் காட்டிலும் அந்தப் படமே வாசகர்களை அதிகம் எழுதத் தூண்டியிருக்கிறது. வந்த கடிதங்களுள் பொதுவான பயன் உள்ளவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் தாத்தா அவசரகாலத்தில் தோட்டத்தில் சிறப்புக் காவலராக இருந்தவர். அண்மையில் பாட்டி காலமான பிறகு, லயத்து வீட்டிலிருந்து கொண்டு வந்த இரும்புப் பெட்டியைத் திறந்தபோது, அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு ரிவால்வர் இருந்தது. அதன் வலப்பக்கத்தில் 'என்ஃபீல்ட், நம்பர் 2, மார்க் 1*' என்று பொறித்திருக்கிறது. துருப்பிடித்துப் போன பொருள்தான். இதைக் கண்ணாடிப் பேழையில் வைத்துக் குடும்ப நினைவுப்பொருளாகப் பாதுகாக்கலாமா?
— ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: வேண்டாம். இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, வட்டாரக் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் தகவல் சொல்வதுதான். துப்பாக்கியைப் பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் நீங்களே எடுத்துச் செல்லாதீர்கள்; வழியில் நடக்கும் ஒரு சாதாரணச் சாலைச் சோதனையில் உங்கள் நல்லெண்ணத்தை மெய்ப்பிக்க உங்களிடம் எந்தச் சான்றும் இருக்காது. பொருள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். விசையை இழுத்துப் பார்ப்பது, உருளையைச் சுழற்றிப் பார்ப்பது எதுவும் வேண்டாம், ஏனெனில் எழுபது ஆண்டுகள் பெட்டியில் கிடந்த தோட்டா செத்துப் போயிருக்கும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. புலனக் குழுக்களில் படம் அனுப்பி உறவினரிடம் கருத்துக் கேட்பதையும் தவிருங்கள்.

இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஒரு துப்பாக்கியின் வயதைப் பார்ப்பதில்லை. குழல் வழியே குண்டைச் செலுத்தி உயிருக்குத் தீங்கு விளைவிக்கக் கூடியதா, அவ்வாறு மாற்றியமைக்கக் கூடியதா என்பதைத்தான் பார்க்கிறது. முழுத் துப்பாக்கிகூடத் தேவையில்லை, அதன் உறுப்புகளும் அந்த வரையறைக்குள் வந்துவிடும். அதற்கு மேலாக, 1971ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் (தண்டனை அதிகரிப்பு) சட்டப்படி, உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பவருக்குப் பதினான்கு ஆண்டுகள் வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் விதிக்கலாம். உரிமமில்லாத துப்பாக்கி இரண்டுக்கு மேல் ஒருவரிடம் இருந்தால், அவர் துப்பாக்கி வணிகம் செய்கிறார் என்றே அச்சட்டம் அனுமானித்துக்கொள்கிறது. இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அவர் தலையில் விழும். சேகரிப்பாளர் ஒருவருக்கு மூன்றாவது பொருள் என்பது தொகுப்பின் தொடக்கம். நம் நாட்டுச் சட்டத்துக்கு அது முற்றிலும் வேறு பொருள் தருகிறது.

இனி நீங்கள் கண்டெடுத்த பொருளைப் பற்றிச் சொல்கிறேன். முதல் உலகப் போருக்குப் பிறகு, .455 அங்குலத் துளையுள்ள பெரிய வெப்ளியைக் கையாளச் சாதாரணச் சிப்பாய்க்கு நீண்ட பயிற்சி தேவைப்படுகிறது என்று கண்ட பிரிட்டிஷ் இராணுவம், .38 அளவில் இலகுவான ஒன்றை நாடியது. பர்மிங்காமின் வெப்ளி நிறுவனம் மாதிரி கொடுத்தது. அரசோ அதைப் பார்த்துவிட்டு, மிகவும் நெருங்கிய சாயலில் ஒன்றைத் தன் சொந்த என்ஃபீல்ட் தொழிற்சாலையில் செய்து, 1932இல் நம்பர் 2 என்ற பெயரில் ஏற்றுக்கொண்டது. மனம் நொந்த வெப்ளி இழப்பீடு கேட்டு, கடைசியில் 1,250 பவுனோடு திருப்தி அடைய நேர்ந்தது. பின்னர் இரண்டாம் உலகப் போரில் என்ஃபீல்டால் தேவையை நிறைவேற்ற முடியாமற்போய், அதே வெப்ளியிடமே அரசு மீண்டும் கைநீட்டியது தனிக் கதை. நட்சத்திரக் குறியிட்ட மார்க் 1* என்பது 1938இல் வந்த மாற்றம். அதில் சுத்தியலின் பின்புறத்தில் கட்டைவிரல் வைத்து இழுக்கும் கொம்பு இராது. டாங்கியின் குறுகலான வாயில் ஏறி இறங்கும் வீரர்களின் உடையிலும் கம்பிகளிலும் அந்தக் கொம்பு சிக்கிக்கொண்டதால் அதை நீக்கினார்கள். அதன் விளைவாக ஒவ்வொரு முறையும் விசையை முழு நீளத்துக்கு இழுத்தே சுட வேண்டியதாயிற்று. உங்கள் பொருளில் சுத்தியலின் முதுகு மழமழவென்று இருந்தால் பொறிப்பும் பொருளும் ஒத்துப்போகின்றன என்று கொள்ளலாம். இதைக் கையில் எடுக்காமலே பார்த்துவிட முடியும்.

தாத்தாவின் துப்பாக்கிதானா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. தவறாக எண்ண வேண்டாம். சிறப்புக் காவலர்களுக்குப் பெரும்பாலும் நீள் துப்பாக்கிகளே வழங்கப்பட்டன, அவற்றையும் பணி முடிந்ததும் திருப்பி ஒப்படைத்தாக வேண்டும். இடுப்பில் ரிவால்வர் தொங்கியது துரைகளுக்கும் அதிகாரிகளுக்கும்தான். 1948 ஜூன் 16ஆம் நாள் காலையில், இதே சுங்கை சிப்புட்டின் எல்ஃபில் தோட்டத்திலும் அடுத்த ஒரு தோட்டத்திலுமாக மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்ட பின், ஆயுதமின்றிப் பங்களாவை விட்டு வெளியே வந்த துரையைக் காண்பது அரிதாயிற்று. அந்தத் துப்பாக்கி எவர் கையிலிருந்து எவர் கைக்கு மாறி உங்கள் பாட்டியின் பெட்டிக்கு வந்தது என்பதை, வீட்டில் இருக்கும் முதியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். ஒப்படைக்கும்போது வரிசை எண்ணுடன் கூடிய எழுத்துப்பூர்வ ஒப்புகையைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பொருளை அருங்காட்சியகத்துக்குப் பரிசீலிக்கும்படி ஒரு விண்ணப்பமும் கொடுக்கலாம், முடிவு அவர்களுடையது. தாத்தாவின் பணி அட்டை, அவர் சீருடையில் நிற்கும் புகைப்படம், இந்த ஒப்புகைத் தாள் ஆகிய மூன்றையும் கண்ணாடிப் பேழையில் வைத்தால் எவரும் வந்து கேள்வி கேட்க மாட்டார்கள்.

கேள்வி: ஒரு ரிவால்வர் வைத்திருந்ததற்காகவே ஒருவரைத் தூக்கிலிட்டார்கள் என்று என் அப்பா சொல்வார். அது உண்மையா, தோட்டத்துக் கதையா?
— ஒரு வாசகி, ரவாங்

பதில்: உண்மைதான் சகோதரி, அதுவும் உங்கள் ஊரை ஒட்டி நடந்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, 1949 மார்ச் மாதத் தொடக்கத்தில் ரவாங் வட்டாரத்தில் பிடிபட்டார். அவரிடம் ஒரு ரிவால்வரும் தோட்டாக்களும் இருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டது. அப்போது நடப்பில் இருந்த அவசரகால ஒழுங்குமுறை விதிகளின்படி, அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருப்பதே மரண தண்டனைக்கு உரிய குற்றம். அதைக் கொண்டு எவரையாவது சுட்டார் என்று மெய்ப்பிக்க வேண்டிய அவசியம் இல்லை. இந்தியத் தரப்பிலிருந்தும் வேறு பல இடங்களிலிருந்தும் கருணை கோரி முறையீடுகள் எழுந்தும் பயனின்றி, 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். தஞ்சைப் பக்கத்திலிருந்து சிறுவயதில் வந்து, நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்திலும் பணியாற்றியவர் அவர்.

மேற்கு நாடுகளில் இருப்பவர்கள் பழைய ரிவால்வர்களைப் பற்றி எழுதும்போது, அவற்றில் ஓர் இனிய பழமை மணம் வீசும். அந்த நயத்தை நானும் சுவைக்கிறேன். ஆனால் இந்த மண்ணில் அதே கருவியின் பெயரைச் சொன்னால், துரையின் இடுப்பும் கணபதியின் கழுத்தும் சேர்ந்துதான் நினைவுக்கு வருகின்றன, இரண்டில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து ரசிக்க எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: ரிவால்வரைக் கண்டுபிடித்தவர் சாமுவேல் கோல்ட் என்று பாடத்தில் படித்தேன். உருளை தானாகச் சுழல்வது எப்படி?
— ஒரு மாணவர், கம்பார்

பதில்: கண்டுபிடித்தவர் என்பதைக் காட்டிலும் காரியமாக்கியவர் என்பது பொருத்தம். எலிஷா காலியர் என்ற அமெரிக்கர் 1818இலேயே இங்கிலாந்தில், சிக்கிமுக்கிக் கல்லால் பற்றவைக்கும் சுழல் துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் விற்பனைக்கு வந்தவற்றில் உருளையை ஒவ்வொரு முறையும் கையால் திருப்ப வேண்டியிருந்தது. கோல்ட் 1830இல் பதினாறு வயதுச் சிறுவனாகக் கல்கத்தாவுக்குச் செல்லும் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து, அந்தப் பயணத்தின்போதே மரத்தில் ஒரு மாதிரியைச் செதுக்கினார். அவருக்கு 1835இல் பிரிட்டனிலும் 1836இல் அமெரிக்காவிலும் காப்புரிமை கிடைத்தது. அவருடைய அமைப்பில் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்கும்போதே உள்ளே இருக்கும் ஒரு நெம்பு, உருளையின் பின்புறத்துப் பற்சக்கரத்தின் ஒரு பல்லைத் தள்ளும்; அடுத்த அறை குழலுக்கு நேராக வந்ததும், கீழிருந்து ஒரு பூட்டு எழும்பி உருளையின் பக்கத்துப் பள்ளத்தில் விழுந்து அதை அசையவிடாமல் நிறுத்தும். குண்டு வெளியேறும் கணத்தில் அறையும் குழலும் மயிரிழைகூட விலகியிருக்கக் கூடாது என்பதால், கடினமான வேலை சுழற்றுவதைவிட நிறுத்துவதுதான்.

கோல்ட்டின் முதல் தொழிற்சாலை 1842இல் நொடித்துப் போனது. 1847இல் டெக்சஸ் படைத்தலைவர் வாக்கரின் யோசனைப்படி செய்த பெரிய ரிவால்வர்தான் அவரை மீண்டும் நிமிர வைத்தது. 1851இல் இலண்டன் மாபெரும் கண்காட்சியில் அவருக்கு எதிரே கடை விரித்த ராபர்ட் ஆடம்ஸ், விசையை இழுத்தாலே சுத்தியலும் எழும்பி உருளையும் சுழலும் துப்பாக்கியைக் காட்டினார். அதன்பின் உலோக உறையுள்ள தோட்டா வந்தது. ஸ்மித் அண்ட் வெசன் 1857இல் வெளியிட்ட முதல் மாதிரி, ரோலின் வைட் என்பவரின் காப்புரிமையைப் பிடித்துக்கொண்டு, உருளையின் அறைகளை முழுக்கத் துளைக்கும் முறையை வேறு எவரும் அமெரிக்காவில் செய்யவிடாமல் தடுத்தது. 1869இல் அந்தக் காப்புரிமை காலாவதியான பிறகே மற்றவர்கள் தாராளமாகக் களம் இறங்கினார்கள், 1873இல் கோல்ட்டின் புகழ்பெற்ற .45 வந்தது அந்த வெள்ளத்தில்தான். பிரிட்டிஷ் இராணுவம் 1887இல் முதல் வெப்ளியை ஏற்றது.

கேள்வி: என் மகன் ஹியூஸ்டனில் கணினித் துறையில் வேலை செய்கிறார். அங்கே எல்லாரும் துப்பாக்கி வாங்குகிறார்களாம். அவருக்கும் பழைய ரிவால்வர் சேர்க்க ஆசை வந்துவிட்டது. எதை வாங்கலாம், எதில் ஏமாறக் கூடும்?
— ஒரு தந்தை, தெலுக் இந்தான்

பதில்: முதலில் அவருடைய விசா என்னவென்று கேளுங்கள். குடியேற்ற உரிமையில்லாத வேலை விசாவில் அமெரிக்காவில் தங்கியிருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை அந்நாட்டு நடுவண் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. ஏதேனும் ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. "எல்லாரும் வாங்குகிறார்கள்" என்ற பேச்சில் இந்த விவரம் அடிபடுவதில்லை. நிரந்தர வசிப்புரிமை அட்டை (கிரீன் கார்டு) இருந்தால் நிலைமை வேறு. 1968ஆம் ஆண்டின் சட்டப்படி 1898 வரையில் செய்யப்பட்ட துப்பாக்கிகள் தொல்பொருளாகக் கருதப்பட்டு, நடுவண் சட்டத்தின் துப்பாக்கி என்ற வரையறைக்கு வெளியே நிற்கின்றன. ஐம்பது ஆண்டுகள் கடந்தவற்றைச் சேர்ப்பவர்களுக்குத் தனிச் சேகரிப்பாளர் உரிமமும் இருக்கிறது. மாநிலச் சட்டங்கள் இதற்கு மேல் தனித்தனியாக விதிக்கும். அங்கே வாங்கிய எதையும், ஒரு திருகாணியைக்கூட, நினைவுப்பரிசு என்று நம் நாட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்லுங்கள்.

வாங்கத் தகுதியுள்ளவராக இருந்தால், தொடக்கத்துக்கு இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஸ்மித் அண்ட் வெசன் 'விக்டரி' மாதிரியை நான் பரிந்துரைப்பேன். ஏராளமாகச் செய்யப்பட்டதால் ஒப்பிட்டுக் கற்றுக்கொள்ள நிறைய எடுத்துக்காட்டுகள் கிடைக்கும். பளபளப்பு எதுவும் இல்லாத சாம்பல் நிற மேற்பூச்சும் வழவழப்பான வால்நட் கைப்பிடியுமாகப் போர் அவசரம் அதன் உடம்பிலேயே எழுதியிருக்கும். கைப்பிடியின் அடியில் 'வி' என்ற ஆங்கில எழுத்தோடு தொடங்கும் வரிசை எண்ணைப் பார்க்க வேண்டும். பின்னர் உருளையின் பின்முகத்திலும் குழலின் அடிப்புறத்திலும் அதே எண் இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். மூன்றும் ஒத்திருந்தால் அது பிறந்தபோது இருந்த உறுப்புகளோடு இருக்கிறது என்று பொருள். வேறுபட்டால் பல துப்பாக்கிகளிலிருந்து ஒட்டுப்போட்டது. விலையும் அதற்கேற்ப இறங்க வேண்டும்.

ஏமாறும் இடம் துளை அளவில் இருக்கிறது. பிரிட்டனுக்குச் சென்ற விக்டரிகள் ஐந்து அங்குலக் குழலோடு, அங்கே .38/200 என்று வழங்கிய தோட்டாவுக்காகச் செய்யப்பட்டவை. அது குட்டையான, சற்றே தடித்த தோட்டா. போருக்குப் பின் மீண்டும் அமெரிக்கச் சந்தைக்கு வந்தபோது, வணிகர்கள் பலர் அவற்றின் அறைகளை நீளமாகக் குடைந்து, நீளமும் மெலிவுமான .38 ஸ்பெஷல் தோட்டா நுழையும்படி செய்து, குழலையும் வெட்டிக் குறைத்து விற்றார்கள். அப்படிக் குடைந்ததில் தோட்டா உறை அறைக்குள் தளர்வாக உட்கார்ந்து, சுடும்போது வீங்கவும் வெடிக்கவும் செய்கிறது. வெப்ளி மார்க் 6க்கும் இதே கதிதான் நேர்ந்தது. 1915இல் வந்த அந்த மாதிரியின் உருளையை, எளிதில் கிடைக்கும், தானியங்கிக் கைத்துப்பாக்கிக்கான .45 தோட்டா பொருந்தும்படி பின்புறம் சீவினார்கள். அந்தத் தோட்டாவின் வழக்கமான அழுத்தமோ வெப்ளி தாங்குவதற்குச் சோதிக்கப்பட்ட அளவைத் தாண்டியது. சீவப்பட்ட உருளையின் பின்விளிம்பில் வரிசை எண்ணின் தலை வெட்டுப்பட்டிருப்பதைக் கவனித்தால் பிடித்துவிடலாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று உங்கள் மகன் மகிழ்ந்தால், எதனால் மலிவு என்று கேட்கச் சொல்லுங்கள்.

சீவப்படாத மார்க் 6 ஒன்றைக் கண்காட்சியில் எவராவது திறந்து காட்டினால் தவறவிடக் கூடாது. ஏறக்குறைய ஒரு கிலோகிராம் எடையுள்ள அந்த இரும்பின் இடப்பக்கத்து நெம்பைக் கட்டைவிரலால் அழுத்தியதும், துப்பாக்கிச் சட்டகத்தின் தலையைப் பற்றியிருக்கும் தடித்த கொக்கி பின்னுக்கு விலகும். குழலும் உருளையும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். கவிழும்போதே நட்சத்திர வடிவத் தகடு ஒன்று உருளையின் நடுவிலிருந்து எழும்பி, ஆறு தோட்டா உறைகளையும் ஒரே வீச்சில் வெளியே எறிந்துவிட்டுப் படக்கென்று உள்ளே திரும்பும். வேறு எந்த ரிவால்வரிலும் எனக்கு இவ்வளவு மனநிறைவு தரும் இயக்கம் இல்லை என்பேன்; கோல்ட் அன்பர்கள் சண்டைக்கு வரலாம்.

கேள்வி: பிரிட்டனில் பழைய துப்பாக்கிக்கு உரிமமே வேண்டாமாமே? அந்த முறையை இங்கேயும் கொண்டு வரலாமே!
— ஒரு வாசகர், பத்து காஜா

பதில்: அரைகுறைச் செய்தி. ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு 1997இல் பிரிட்டன் கைத்துப்பாக்கிகளை ஏறத்தாழ முற்றாகத் தடை செய்தது. வழக்கொழிந்த தோட்டா வகைகளுக்கான தொல்பொருள்கள் மட்டும், ஆர்வப் பொருளாகவோ அலங்காரமாகவோ வைத்திருந்தால் விலக்குப் பெறுகின்றன. அந்த ஓட்டை வழியே குற்றவாளிகள் புகுந்து, பழைய ரிவால்வர்களை வாங்கிக் கைத்தயாரிப்புத் தோட்டாக்களால் சுடத் தொடங்கியதால், 2021இல் ஏழு வகைத் தோட்டாக்களை விலக்குப் பட்டியலிலிருந்து அகற்றினார்கள். ஒரு காலத்தில் அயர்லாந்துக் காவல்படை ஏந்திய .442 வெப்ளியும் அதில் அகப்பட்டது. அத்தனை கண்காணிப்பு உள்ள நாட்டிலேயே நிலைமை இதுவென்றால், இங்கே அப்படி ஒரு விலக்கைக் கேட்டு மனுப் போட எனக்குக் கை வரவில்லை.

கேள்வி: நம் நாட்டில் சேகரிப்புக்காக உரிமம் பெற முடியுமா?
— மூன்று வாசகர்கள்

பதில்: உரிமம் வழங்குவது மாநிலக் காவல்துறைத் தலைவரின் அதிகாரத்துக்கு உட்பட்டது. தற்காப்பு, பயிர்ப் பாதுகாப்பு, விளையாட்டு போன்ற காரணங்களைக் காட்டியே விண்ணப்பிக்கிறார்கள், அவற்றுக்கும் எளிதில் கிடைப்பதில்லை. காட்டுப்பன்றிக்காகச் சிறுதோட்டக்காரர்கள் வைத்திருக்கும் நீள் துப்பாக்கியைப் பார்த்து, ரிவால்வரும் அப்படித்தான் என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் நோக்கம் சுடும் கலை என்றால் பதிவுபெற்ற துப்பாக்கி சுடும் கழகத்தில் சேருவதே நேர்வழி.

கேள்வி: துருப்பிடித்த ஒரு ரிவால்வர் பாரிஸில் பெருந்தொகைக்கு ஏலம் போனதாகச் செய்தி பார்த்தேன். பைத்தியக்காரத்தனம் இல்லையா?
— ஒரு வாசகி, கோலகங்சார்

பதில்: நீங்கள் குறிப்பிடுவது, ஓவியர் வான்கோ தம்மைச் சுட்டுக்கொண்டதாகக் கருதப்படும் 7 மில்லிமீட்டர் லெஃபோஷே ரிவால்வர். வயலில் கிடந்து, கைப்பிடி மரமே மட்கிப்போன அந்த எலும்புக்கூடு 2019இல் 1,62,500 யூரோவுக்கு விற்றது. அதே வகையைச் சேர்ந்த இன்னொன்று, 1873இல் கவிஞர் வெர்லேன் தம் நண்பர் ரேம்போவைச் சுட்டது, 2016இல் 4,34,500 யூரோவுக்குப் போனது. 'பில்லி தி கிட்' என்ற கொள்ளையனைக் கொன்ற பேட் காரெட்டின் கோல்ட் 2021இல் அறுபது இலட்சம் அமெரிக்க டாலரைத் தாண்டியது. லெஃபோஷே அன்றைய பிரான்சில் கடைகளில் மலிவாகக் கிடைத்த சாதாரணச் சரக்கு. ஆக, விலை இரும்புக்கு இல்லை, அதை ஒரு கையோடு பிணைக்கும் ஆவணங்களுக்கு. வெர்லேனின் துப்பாக்கிக்குக் காவல்துறை, நீதிமன்றப் பதிவுகளின் பின்புலம் உண்டு. வான்கோவினுடையது என்பதற்கு, கிடைத்த இடமும் துரு ஏறிய காலமும் ஒத்துப்போகின்றன என்ற அனுமானமே ஆதாரம். விலை வேறுபாட்டில் அதுவும் தெரிகிறது. பைத்தியக்காரத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் வான்கோவுக்காக அந்தத் தொகையை நான் கொடுத்திருக்கவும் மாட்டேன்.

கேள்வி: அருங்காட்சியகத்தில் உள்ள பழைய துப்பாக்கிகளை ஏன் நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக வைப்பதில்லை?
— ஒரு வாசகர், பீடோர்

பதில்: நூற்றாண்டு கண்ட வெண்கலக் குத்துவிளக்கைப் புளியிட்டுத் தேய்த்துவிட்டு, அதன் பழமையைத் தேடுவது போன்ற காரியம் அது. எஃகின் மேல் காலப்போக்கில் படியும் பழுப்புநிறப் படலமும், தோலுறையில் உரசி உரசிக் குழலின் முனையில் மட்டும் நீலப்பூச்சு தேய்ந்திருப்பதும், அந்தக் கருவி எப்படிப் பயன்பட்டது என்பதற்குச் சாட்சிகள். தேய்த்தால் அவற்றோடு அரசு முத்திரைகளின் கூர்மையும் மழுங்கிப் போகும். புதிதாக நீலப்பூச்சு ஏற்றிய ரிவால்வரைச் சேகரிப்பாளர்கள் கண்டதும் ஒதுக்குவார்கள். பரவிக்கொண்டே போகும் செந்துருவை மட்டும் நிறுத்தி, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்து, ஈரப்பதம் குறைந்த இடத்தில் வைப்பதோடு காப்பாளரின் வேலை முடிகிறது. நம் நாட்டுக் காற்றில் அந்த ஈரப்பதத்தைக் குறைப்பதே பெரும்பாடு.

கேள்வி: அப்படியானால் எங்களைப் போன்றவர்கள் எதைத்தான் சேர்ப்பது?
— ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தாள்களையும் தோலையும் துணியையும் சேருங்கள். அவசரகாலத்துச் சிறப்புக் காவலர் நியமனக் கடிதங்கள், தொப்பிச் சின்னங்கள், தோட்ட அலுவலகத்தின் ஆயுதப் பதிவேடுகள், காலாவதியான துப்பாக்கி உரிமங்கள், கம்பிவேலி வாசலில் எடுத்த புகைப்படங்கள் ஆகியவை இன்றும் லயங்கள் இடிபடும்போது குப்பையோடு எரிகின்றன. செம்பனைக்கு மாறிய தோட்டங்களில் பழைய கிராணி (தோட்ட எழுத்தர்) வீடுகள் காலியாகும் வேளையில் ஒரு சொல் சொல்லி வைத்தால், எவரேனும் எடுத்து வைப்பார்கள். பெரிய கிராணியின் கையெழுத்தில், எந்தத் துப்பாக்கி எவருக்கு எந்த நாளில் கொடுக்கப்பட்டுத் திரும்பியது என்று வரிசை எண்ணோடு எழுதிய பதிவேட்டின் ஒரு பக்கம், பெயரற்ற ஒரு வெப்ளியைவிட எனக்கு மதிப்பு மிக்கது. தோட்டாவை மட்டும் சேர்த்துவிடாதீர்கள், அதுவும் ஆயுதச் சட்டத்துக்குள் வருகிறது. இரும்பைப் பார்க்க வேண்டுமென்றால், கோலாலம்பூரில் அரச மலேசியக் காவல்துறை அருங்காட்சியகமும் போர்ட்டிக்சனில் தரைப்படை அருங்காட்சியகமும் இருக்கின்றன. கண்ணாடிக்கு வெளியே நின்றபடியே மேலே சொன்ன அடையாளங்களுள் பாதியைத் தேடிக் கண்டுபிடிக்கலாம், பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: இணையக் கடையில் அசல் கோல்ட் போலவே இருக்கும் உலோகப் பொம்மை ரிவால்வர் விற்கிறார்கள். அதில் தவறில்லையே?
— ஒரு வாசகர், ஈப்போ

பதில்: தவறு இருக்கிறது தம்பி. அசலைப் போன்று தோற்றமளிக்கும் போலி ஆயுதங்களையும் ஆயுதச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. இணையத்தில் விற்பனைக்கு இருப்பதால் மட்டும் இறக்குமதி செய்ய அனுமதி உண்டு என்று ஆகிவிடாது. சுங்கத்தில் பொட்டலம் பிரிக்கப்படும்போது முகவரியில் இருப்பது விற்றவரின் பெயர் இல்லை, உங்கள் பெயர்.

கேள்வி: என்னிடம் துரை ஒருவர் விட்டுச் சென்ற பழைய ரிவால்வர் உறை, துப்பாக்கி இல்லாமல், வெறும் தோலாக இருக்கிறது. பூஞ்சணம் பிடிக்கிறது. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, தெலுக் இந்தான்

பதில்: வெறும் உறைக்கு உரிமம் தேவையில்லை, அஞ்ச வேண்டாம். உள்ளே தோட்டா ஏதும் தங்கியிருக்கவில்லை என்பதை மட்டும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள். நாளடைவில் தோலைக் கறுக்கச் செய்து, பூஞ்சணத்துக்கு இன்னும் தீனி போடும். வெயிலில் நேரடியாகக் காய வைத்தால் தையல் ஓரங்களில் வெடிப்பு விழும். காற்றோட்டமான நிழலில் வைத்து, உலர்ந்த மென்துணியால் துடையுங்கள். பித்தளைப் பொத்தானைச் சுற்றிப் பச்சை நிறக் களிம்பு இருந்தால் ஒரு மரக்குச்சியால் மெல்லச் சுரண்டி எடுங்கள். பின்னர் உறை தட்டையாகிவிடாமல் உள்ளே அமிலமற்ற தாளைத் திணித்து, நெகிழிப் பையில் அடைக்காமல், பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். மடிப்பின் உட்புறத்தைக் கண்ணாடி வில்லை வைத்துப் பாருங்கள். செய்தவரின் பெயரும் ஆண்டும் பெரும்பாலும் அங்கேதான் பொறிக்கப்பட்டிருக்கும். இருந்தால் எனக்கு எழுதுங்கள்.